பழைய தண்டனையைச் சாட்சிக் கூண்டில் மறைக்காதீர்கள்

வணக்கம் அண்ணா. பாம்பன் பாலத்தடியில் நடந்த வெட்டுக்கு நீங்கள் நேரடிச் சாட்சி. 12 ஆண்டுக்கு முந்தைய அடிதடித் தண்டனையைக் கிளறுவார்களோ என்று பயப்படுகிறீர்கள். கிளறலாம். சாட்சியின் நம்பகத்தன்மையைக் குலைக்கும் கேள்விகளைக் குறுக்கு விசாரணையில் கேட்க, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய சட்டத்தின் 149ஆவது பிரிவு இடம் தருகிறது. ஆனால் 151ஆவது பிரிவின்படி, மிகப் பழைய விஷயம், சாட்சியத்தின் நம்பகத்தைப் பெரிதாகப் பாதிக்காது என்றால், நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று நீதிபதி கூறலாம்.

கேட்டால் "இல்லை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்! நடத்தை பற்றிய மற்ற கேள்விகளுக்கு நீங்கள் சொல்லும் பதிலை மறுக்கப் பொதுவாக வேறு சாட்சியம் கொண்டுவர முடியாது; ஆனால் முந்தைய தண்டனையை நீங்கள் மறுத்தால், அதை நிரூபிக்கச் சாட்சியம் கொண்டுவரலாம் என்று 156ஆவது பிரிவு விலக்கு அளிக்கிறது. தீர்ப்பு நகலை நீட்டிவிடுவார்கள். என் மாமா இப்படித்தான் மாட்டிக்கொண்டார். கூண்டுக் கட்டையைப் பிடித்திருந்த கை நடுங்கியதை நான் பார்த்தேன். அவர் கண்ணால் கண்ட உண்மையும் அன்று எடுபடவில்லை.

இன்றே அரசு வழக்கறிஞரிடம் அந்தத் தண்டனையைச் சொல்லிவிடுங்கள். கூண்டில் கேட்டால், "ஆம், தண்டனை அனுபவித்தேன்" என்று சொல்லி நிறுத்துங்கள்.