கொப்புளம் ஆறிவிடும், மூளையையும் கண்ணையும் பாருங்கள்

கேள்வி: தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்து பத்து நாள் ஆகிறது. பிறந்த மறுநாளே கை கால்களில் வரிவரியாக நீர்க்கொப்புளம், நான்காம் நாள் வலிப்பு. ஹெர்பிஸ் வைரஸ் தொற்று என்று அதற்கான அசைக்ளோவிர் மருந்து போட்டார்கள், இப்போது இன்கான்டினென்ஷியா பிக்மென்டி என்ற மரபணு நோய் என்கிறார்கள். மருந்தைத் தவறாகக் கொடுத்துவிட்டார்களா? ஸ்டீராய்டு கொடுத்தால் மூளை தப்புமா?

பதில்: அசைக்ளோவிர் போட்டது சரிதான். பச்சிளங்குழந்தைக்குக் கொப்புளமும் வலிப்பும் சேர்ந்து வந்தால், ஹெர்பிஸ் இல்லை என்று வைரஸின் மரபுப்பொருளைத் தேடும் பிசிஆர் சோதனையில் தெரியும்வரை அதை நிறுத்தக் கூடாது. தாமதித்தால் வரும் சேதம் அவ்வளவு பெரிது.

இந்த நோய்க்குக் காரணம் எக்ஸ் குரோமோசோமில் இருக்கும் ஐகேபிகேஜி மரபணு, 2000இல்தான் கண்டுபிடித்தார்கள். அது பழுதான செல்கள் அழற்சியைத் தாங்காமல் மடிந்துவிடும். தோலில் அது கொப்புளமாக வெளியே தெரிகிறது. மூளையிலோ சின்ன ரத்தக்குழாய்கள் கெட்டு, ஆங்காங்கே ரத்தம் போகாமல் திசு சேதமாகிறது, வலிப்பு அதனால்தான் வருகிறது. எல்லாக் குழந்தைக்கும் இப்படி ஆவதில்லை, பெரும்பாலானவர்களுக்கு மூளை நன்றாகவே இருக்கும். ஆனால் பிறந்த சில நாளிலேயே வலிப்பு வந்த குழந்தையை விடாமல் கவனிக்க வேண்டும்.

வலிப்புக்கு முதல் மருந்து பினோபார்பிடோன். கூடவே ரத்தத்தில் சர்க்கரை, கால்சியம் பார்த்திருப்பார்கள். நீங்கள் கேட்டு வாங்க வேண்டியவை இரண்டு: ரத்தம் போகாமல் புதிதாகக் கெட்ட இடங்களைக் காட்டும் டிஃப்யூஷன் படங்களோடு மூளை எம்ஆர்ஐ ஸ்கேன், முடிந்தால் மூளையின் மின் அலைகளை விடாமல் பதியும் தொடர் இஇஜி. பச்சிளங்குழந்தையின் வலிப்பில் பல கண்ணுக்கே தெரியாது, தெரிவதும் ஏமாற்றும்: கண் ஒரு பக்கமாக நிலைகுத்துவது, வாய் சப்புவது, சைக்கிள் மிதிப்பதுபோல் கால் அசைவது, மூச்சு சற்று நிற்பது. நடுங்கும் கையை மெல்லப் பிடித்துப் பாருங்கள், பிடித்ததும் நின்றால் பெரும்பாலும் வெறும் நடுக்கம், பிடித்தும் துடித்தால் வலிப்பாக இருக்கலாம். போனில் வீடியோ எடுத்துக் காட்டுங்கள், வாயால் சொல்வதைவிட எங்களுக்கு அது ஆயிரம் மடங்கு உதவும்.

அப்புறம் அழற்சியைக் குறைக்கும் மருந்தான ஸ்டீராய்டு. அழற்சிதான் காரணம் என்பதால் கொடுத்துப் பார்த்த மருத்துவர்கள் உண்டு, சில குழந்தைகளுக்கு வலிப்பு அடங்கியதாக எழுதியும் இருக்கிறார்கள். ஆனால் எல்லாம் ஒன்றிரண்டு குழந்தைகளின் அனுபவம், ஒப்பிட்டுப் பார்த்த பெரிய ஆய்வு இல்லை. வலிப்பு மருந்துக்கு அடங்காமல், எம்ஆர்ஐயில் சேதம் புதிதாகப் பரவுகிறது என்றால் குழந்தை நரம்பியல் நிபுணரோடு அதைப் பேசலாம் என்பேன், அதுவும் ஹெர்பிஸ் இல்லை என்று உறுதியான பிறகு. ஏற்கெனவே மடிந்த திசுவை அது மீட்டுத் தராது.

கொப்புளத்தைக் குத்தி உடைக்காதீர்கள், சுத்தமாக வைத்தால் போதும். மாதங்கள் போகப்போக அது மருபோல் தடித்து, பழுப்புக் கோடுகளாகி, மங்கிவிடும். கண் அப்படியில்லை. விழித்திரையில் தவறான ரத்தக்குழாய்கள் வளர்ந்து பார்வையே போகலாம், லேசரால் தடுக்கவும் முடியும், அதனால் இந்த வாரமே விழித்திரை நிபுணரிடம் காட்டுங்கள். பிறகு நான்கு மாதம்வரை மாதம் ஒருமுறை, ஒரு வயதுவரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மூன்று வயதுவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அதன்பின் ஆண்டுதோறும்.

இந்தப் பழுது தாயிடமிருந்தும் வந்திருக்கலாம். உங்கள் தங்கையின் கால்களில் வெளிறிய கோடுகள், கூம்பான அல்லது முளைக்காத பற்கள், முன்பு கருச்சிதைவு ஏதாவது உண்டா? இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். இல்லாவிட்டாலும் குழந்தைக்கும் அவருக்கும் மரபணுப் பரிசோதனை செய்யுங்கள். அவரிடம் இந்தப் பழுது இருந்தால் ஒவ்வொரு கருவுக்கும் அது போக 50 சதவீத வாய்ப்பு, அதைப் பெறும் ஆண் கரு பெரும்பாலும் தங்காது. அடுத்த குழந்தைக்கு முன்பே மரபணு ஆலோசகரைப் பார்த்துவிடச் சொல்லுங்கள்.