விட்சர்ச் காமனில் நடக்க விரும்புவோருக்கு: கேள்வி பதில்

இங்கிலாந்தின் டெவன் கவுண்டியில், டேவிஸ்டாக் நகரின் விளிம்பில் தொடங்கிக் கிழக்கே டார்ட்மூரின் உயர்நிலத்தை நோக்கி ஏறிச்செல்லும் பொது மேய்ச்சல் நிலம் விட்சர்ச் காமன். நகரை ஒட்டிய பகுதி கட்டைப்புல் படர்ந்த மேட்டுநிலம். அதற்கு விட்சர்ச் டவுன் என்று பெயர். அதைக் கடந்தால் கோர்ஸ் முட்புதரும் ஹெதர் என்னும் குறுஞ்செடியும் பாறைகளும் நிறைந்த மூர் நிலம் விரிகிறது. இந்த நிலத்தைப் பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, அங்கே நெடுங்காலமாக நடந்து வருபவன் என்ற முறையில் என்னால் இயன்ற விடைகளைத் தந்திருக்கிறேன்.

கேள்வி (ரெடிங் வாசகர்): காமன் என்றால் அரசுக்குச் சொந்தமான நிலம்தானே? அப்படியானால் அங்கே நடப்பதற்கு இத்தனை விதிகள் எதற்கு?

பதில்: இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால் மற்றவை பெரும்பாலும் தாமாகவே விளங்கிவிடும். காமன் அரசு நிலமோ உரிமையாளர் இல்லாத நிலமோ அன்று. ஒவ்வொரு காமனுக்கும் ஓர் உரிமையாளர் உண்டு. அவர் தனிமனிதராகவோ அறக்கட்டளையாகவோ அமைப்பாகவோ இருக்கலாம். ஆனால் அந்த நிலத்தில் ஆடு, மாடு, குதிரை மேய்க்கவும், எரிபொருளுக்காகப் பீட் என்னும் மட்கிய கரிமண்ணை வெட்டவும், தொழுவத்தில் பரப்புவதற்குப் பெரணி அறுக்கவும் சுற்றுவட்டாரப் பண்ணைகளுக்குப் பல நூற்றாண்டுகளாக உரிமை இருந்து வந்திருக்கிறது. இவ்வுரிமைகள் 1965ஆம் ஆண்டின் காமன் நிலப் பதிவுச் சட்டத்தின்படி பதிவேட்டில் ஏற்றப்பட்டன. எந்தப் பண்ணை எத்தனை கால்நடைகளை மேயவிடலாம் என்பது வரை அதில் எழுதப்பட்டுள்ளது.

நடப்பவர்களுக்கான உரிமை இவற்றுக்கெல்லாம் பிந்தியது. டார்ட்மூர் 1951ஆம் ஆண்டிலேயே தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் அங்குள்ள ஏறத்தாழ 36,000 ஹெக்டேர் காமன் நிலங்கள் முழுவதிலும் நடந்தோ குதிரையிலோ செல்லும் சட்டப்படியான உரிமையைப் பொதுமக்களுக்கு அளித்தது 1985ஆம் ஆண்டின் டார்ட்மூர் காமன்ஸ் சட்டமே. மேய்ச்சலை ஒழுங்குபடுத்தும் காமனர்கள் (காமனில் உரிமை பெற்றவர்கள்) மன்றமும் அதே சட்டத்தால்தான் உருவானது. ஆகவே உரிமையாளர், மேய்ப்பவர், நடப்பவர் என்ற மூவரில் நாம் கடைசியாக வந்து சேர்ந்தவர்கள். விதிகளைப் பார்த்து எரிச்சல் அடைவோர் இந்த வரிசையை நினைவில் கொள்வது நல்லது. சைக்கிளுக்கு அந்த உரிமை இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்; சைக்கிளோட்ட அனுமதிக்கப்பட்ட பாதைகளில் மட்டுமே அதை ஓட்டலாம்.

கேள்வி (ஸ்விண்டனில் வசிக்கும் ஒரு தாய்): அங்கே திரியும் குட்டைக் குதிரைகள் காட்டுக்குதிரைகளா? என் பிள்ளைகள் அவற்றுக்குக் கேரட் கொடுக்க விரும்புகிறார்கள்.

பதில்: அவை காட்டுக்குதிரைகள் அல்ல. ஒவ்வொன்றுக்கும் உரிமையாளரான விவசாயி உண்டு. இலையுதிர் காலத்தில் அவற்றை மூர் நிலத்திலிருந்து ஒன்றாக ஓட்டிவந்து, உரிமையாளர் வாரியாகப் பிரித்து, குட்டிகளைப் பார்வையிட்டு, விற்பவற்றை விற்று, எஞ்சியவற்றை மீண்டும் மேயவிடுவார்கள்.

கேரட் வேண்டாம், அம்மா. தீனி கொடுப்பதைப் பூங்காவின் விதிகள் தடை செய்கின்றன, காரணமும் நியாயமானது. வண்டி நின்றால் தின்பண்டம் வரும் என்று கற்றுக்கொண்ட குதிரை சாலையோரத்தை விட்டு நகராது. இருட்டிய பின்னும் அங்கேயே நிற்கும். வேலியில்லாத அந்தச் சாலைகளில் வேக வரம்பு மணிக்கு 40 மைல் என்று வைத்திருந்தும் ஆடுகளும் குதிரைகளும் அடிபட்டு இறப்பது நிற்கவில்லை.

கேள்வி (பிரிஸ்டல் வாசகர்): வேலியே இல்லாத இடத்தில் ஆடுகள் அடுத்தவர் நிலத்துக்குப் போகாமல் எப்படி இருக்கின்றன?

பதில்: மந்தைக்கென்று ஒரு மேய்ச்சல் எல்லை இருக்கிறது, டார்ட்மூர் விவசாயிகள் அதை லியர் என்பார்கள். தாயோடு மேயும் குட்டி, எந்த ஓடையோடு திரும்ப வேண்டும், காற்றும் மழையும் அடிக்கும்போது எந்தச் சரிவில் ஒதுங்க வேண்டும் என்பதைத் தாயிடமிருந்தே கற்றுக்கொள்கிறது. அது வளர்ந்து தன் குட்டிக்குக் கற்பிக்கிறது. அதனால்தான் இங்கே ஒரு பண்ணை கைமாறும்போது அந்த லியருக்குப் பழகிய மந்தையையும் நிலத்தோடு சேர்த்து ஒப்படைக்கும் வழக்கம் உண்டு. 2001ஆம் ஆண்டில் கோமாரி நோயைக் கட்டுப்படுத்த மந்தைகள் கொல்லப்பட்டபோது, பாதிக்கப்பட்ட பண்ணைகள் ஆடுகளை இழந்ததோடு தலைமுறைகளாக வந்த இந்தப் பழக்கத்தையும் இழந்தன. புதிதாக வாங்கிவந்த ஆடுகளை நாள்தோறும் ஓட்டி ஓட்டிப் பழக்க வேண்டியிருந்தது. உங்கள் நாய் ஓர் ஆட்டு மந்தையைத் துரத்திச் சிதறடித்தால் என்ன கெடும் என்பதை இதிலிருந்து நீங்களே கணித்துக்கொள்ளலாம். மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயைக் குட்டையான வாரில் பிடித்திருக்க வேண்டும் என்பது விதி. தரையில் கூடு கட்டும் வானம்பாடி போன்ற பறவைகளுக்கும் அதுவே குஞ்சு பொரிக்கும் காலம். ஆடுகள் உள்ள இடத்தில் ஆண்டு முழுவதும் அப்படிச் செய்வதே முறை என்பது என் கருத்து.

கேள்வி (லண்டனிலிருந்து ஓர் இளம் தம்பதி): ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எங்கே தொடங்கி எங்கே முடிக்கலாம்?

பதில்: முதல் வருகையிலேயே நெடுந்தொலைவு போகத் துடிப்பது பலருக்கும் இயல்பு. நான் அதை ஆதரிப்பதில்லை. இந்தக் காமனில் சாலையிலிருந்து சற்றே விலகினாலே நின்று பார்க்க வேண்டியவை நிறைய உண்டு.

பிளிமத்திலிருந்து டேவிஸ்டாக்கிற்குப் பேருந்து உண்டு; ரயில் 1968உடன் நின்றுபோனது. நகரிலிருந்து விட்சர்ச் டவுனுக்கு நடந்தே ஏறிவிடலாம். 1890இல் தொடங்கப்பட்ட கோல்ஃப் மைதானம் இந்த மேய்ச்சல் நிலத்தில்தான் இருக்கிறது; பந்தடிப்பவர்களுக்கு நடுவே ஆடுகள் மேய்வதை முதன்முறை காண்பவர்கள் சற்றுத் திகைத்துப்போவார்கள். அங்கே பிம்பிள் என்ற ஒரு சிறு கட்டடம் நிற்கிறது. நிலத்தடி நீர்த்தொட்டி ஒன்றின் மேல் 1914இல் எழுந்த அதை வடிவமைத்தவர் எட்வின் லட்யன்ஸ். புதுதில்லியின் குடியரசுத் தலைவர் மாளிகையை வடிவமைத்த அதே லட்யன்ஸ்தான்.

பிறகு பிரின்ஸ்டவுன் நோக்கிச் செல்லும் சாலையில், போர்க் ஹில் ஏற்றத்தின் உச்சியிலுள்ள வாகன நிறுத்தத்துக்குச் செல்லுங்கள். அங்கிருந்து வடக்கே ஏறினால் 442 மீட்டர் உயரமுள்ள காக்ஸ் டோர். டார்ட்மூரின் டோர்கள், அதாவது மலைமுடிப் பாறைக் குவியல்கள், பெரும்பாலும் ஏறத்தாழ 28 கோடி ஆண்டுப் பழமையுடைய கிரானைட்டால் ஆனவை. காக்ஸ் டோர் அப்படி அன்று, அது கருநிற டோலரைட். அதன் சரிவெங்கும் முழங்காலைவிடத் தாழ்ந்த உருண்டையான மண்மேடுகள் புல் போர்த்தி நெருக்கமாக நிற்பதைக் கவனியுங்கள். எறும்புப் புற்றுகள் என்று எண்ணத் தோன்றும்; ஆனால் பனியுகக் குளிரில் மண் உறைந்தும் உருகியும் பிதுங்கியதால் உண்டானவை அவை. அவற்றின் இடையே நடக்கும்போது கணுக்கால் பத்திரம்.

இறங்கிய பின் சாலையைக் கடந்து தெற்கே சென்றால், சற்றே சாய்ந்து நிற்கும் பழைய கருங்கற் சிலுவை ஒன்று தென்படும்; விண்டி போஸ்ட் என்பது அதன் பெயர். சிலுவையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். அதனருகே ஓடும் சிறு வாய்க்கால் வால்க்கம் ஆற்றிலிருந்து பண்ணைகளுக்கு நீர் கொண்டுசெல்கிறது. அதன் ஓரத்தில் குனிந்து தேடினால், வட்டமாகத் துளையிட்ட ஒரு கல் நீருக்குள் பதிக்கப்பட்டிருப்பது தெரியும். கிளை வாய்க்காலுக்குப் பிரியும் நீர் அந்தத் துளை வழியாகத்தான் போயாக வேண்டும். துளையின் அளவே அந்தப் பங்குதாரருக்குரிய நீரின் அளவு. மதகும் வேண்டாம், காவலாளும் வேண்டாம். டேவிஸ்டாக் பக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த பொருள் எது என்று கேட்டால், இந்தக் கல்லையே சொல்வேன்.

கேள்வி (கார்டிஃப் வாசகர்): மெரிவேல் கல்வரிசைகளும் இதே காமனில்தான் உள்ளனவா?

பதில்: இல்லை, வால்க்கம் ஆற்றைத் தாண்டி அடுத்த காமனில் உள்ளன. ஆனால் சாலை வழியே சற்றுத் தொலைவுதான். வெண்கலக் காலத்தைச் சேர்ந்த இரண்டு இரட்டை வரிசைகள் ஏறக்குறைய கிழக்கு மேற்காகச் செல்கின்றன. நீளமானது 260 மீட்டருக்குச் சற்று அதிகம். கற்கள் பெரும்பாலும் முழங்கால் உயரத்துக்கும் குறைவானவை என்பதால், ஸ்டோன்ஹெஞ்சை மனத்தில் வைத்துக்கொண்டு வருபவர்கள் ஏமாறுவார்கள். தெற்கு வரிசைக்கு அருகிலுள்ள கற்பேழைக் கல்லறையின் மூடுகல்லைப் பாருங்கள்: 19ஆம் நூற்றாண்டில் வாயில்தூண் செய்வதற்காக யாரோ அதன் நடுப்பகுதியை அறுத்தெடுத்துப் போயிருக்கிறார்கள். வடக்கே குடிசை வட்டங்களுக்கு, அதாவது பழங்காலக் குடிசைகளின் வட்டமான கல் அடித்தளங்களுக்கு இடையே, ஆப்பிள் நசுக்குவதற்காகச் செதுக்கப்பட்ட பெரிய உருளைக்கல் எடுத்துச் செல்லப்படாமலே கிடக்கிறது. 1625ஆம் ஆண்டு டேவிஸ்டாக்கில் கொள்ளைநோய் பரவியபோது, ஊருக்குள் வர அஞ்சிய உழவர்கள் இங்கே உணவுப்பொருளை வைத்துச் சென்றதாகவும் ஒரு செவிவழிச் செய்தி உண்டு.

கேள்வி (அதே வாசகர்): விக்சன் டோர் மீது ஏறலாமா?

பதில்: கூடாது. அது வேலியிட்ட தனியார் நிலத்தில் உள்ளது. 2003 முதல் அனுமதி இல்லை. விண்டி போஸ்ட் பக்கமிருந்து நன்றாகத் தெரியும்.

கேள்வி (எக்ஸிடரில் படிக்கும் மாணவர்): கூடாரம் அடித்து இரவு தங்குவது தொடர்பாக வழக்கு நடந்ததே, இப்போது நிலைமை என்ன?

பதில்: 1985ஆம் ஆண்டுச் சட்டம் ‘திறந்தவெளிப் பொழுதுபோக்கு’க்காகச் செல்லும் உரிமையைத் தருகிறது, தூங்குவது அதில் அடங்குமா என்பதே வழக்கு. அடங்காது என்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றமும், அடங்கும் என்று அதே ஆண்டு ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கூறின. 2025 மே 21 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாக இரண்டாவது தீர்ப்பையே உறுதி செய்தது. முதுகுப்பையில் சுமந்து செல்லும் சிறு கூடாரம், ஒரே இடத்தில் இரண்டு இரவுகளுக்கு மேற்படாமை, நெருப்பு மூட்டாமை ஆகியவை நிபந்தனைகள். எல்லாக் காமன்களிலும் தங்க இயலாது. பூங்கா நிர்வாகம் வெளியிடும் வரைபடத்தில் அனுமதிக்கப்பட்ட பகுதிகளைப் பார்த்த பிறகே புறப்படுங்கள்.

கேள்வி (பிளிமத் வாசகி): மூடுபனி, சதுப்பு, இராணுவப் பயிற்சி என்று பயமுறுத்துகிறார்களே?

பதில்: மூடுபனிக்குப் பயப்படத்தான் வேண்டும். நல்ல வெயிலிலும் சில நிமிடங்களில் எதிரிலுள்ள பாறை மறைந்துவிடும். பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஓஎல் 28 வரைபடமும் திசைகாட்டியும் கையில் இருக்கட்டும்; கைபேசியை மட்டும் நம்பாதீர்கள். வழி தெரியாவிட்டால் வாய்க்காலையோ வேலிச்சுவரையோ பிடித்து இறங்குவது இந்தப் பகுதியில் பெரும்பாலும் கைகொடுக்கும். பளிச்சென்ற பச்சைநிற ஸ்பாக்னம் பாசி மூடிய இடங்களில் கால் வைக்காதீர்கள். கரும்புல் குத்துக்குத்தாய் நிற்கும் இடத்தைச் சுற்றிக்கொண்டு போவதே மேல். கோடையில் பெரணிக்குள் நடந்துவிட்டு வந்தால் உடம்பில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். லைம் நோயைப் பரப்புவது அதுதான்.

இராணுவப் பயிற்சி நடக்கும் மெரிவேல் எல்லை இந்தக் காமனுக்கு வடகிழக்கே தொடங்குகிறது. சிவப்பு வெள்ளைக் கம்பங்கள் எல்லையைக் காட்டும். துப்பாக்கிப் பயிற்சி நாட்களில் பகலில் சிவப்புக் கொடியும் இரவில் சிவப்பு விளக்கும் உயரும். அப்போது உள்ளே போகக்கூடாது. பயிற்சி நேரங்கள் முன்கூட்டியே வெளியிடப்படுகின்றன. கொடி இல்லாத நாளில் தாராளமாக நடக்கலாம். உலோகப் பொருள் எதுவும் தரையில் கிடந்தால் மட்டும் தொடாமல், இடத்தைக் குறித்துக்கொண்டு காவல்துறைக்குத் தெரிவியுங்கள்.