கல்லூரியில் பழைய படம் திரையிடும்போது தரும் ஒரு பக்கக் குறிப்பில் என்ன எழுதலாம்? கதையைச் சொல்லலாமா?

கோவைக் கல்லூரித் திரைப்படக் கழகத்துக்காகக் கேட்டிருக்கீங்க. பத்திரிகை விமர்சனம் படத்துக்குப் போகலாமா வேண்டாமான்னு சொல்லும். உங்க ஆள் ஏற்கெனவே அரங்கத்தில் உட்கார்ந்தாச்சு. அவருக்கு மதிப்பெண் எதற்கு? எதைக் கவனிக்கலாம் என்று சொன்னால் போதும்.

உள்ளூர்ப் படமாகவே, எம்.ஜி.ஆர். நடித்த 'மலைக்கள்ளன்' எடுத்துக்கலாம். 1954-இல் கோவை பட்சிராஜா ஸ்டூடியோவின் தயாரிப்பு, இயக்கம் எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு. கதை நாமக்கல் கவிஞரின் நாவல், வசனம் கருணாநிதி. காந்தியவாதி எழுதிய கதைக்குத் திராவிட இயக்கத்தவர் வசனம்! எந்தக் காட்சியில் யார் குரல் மேலோங்குகிறது என்று ஒரு கேள்வியைக் குறிப்பில் போட்டுப் பாருங்க, மாணவர்கள் படம் முழுக்க அதைத் தேடுவாங்க. இதே இயக்குநர் இதே கதையை 1955-இல் திலீப் குமாரை வைத்து இந்தியில் 'ஆசாத்' என்று எடுத்தார். இரண்டிலும் ஒரே காட்சியைப் போட்டுக் காட்டினால், எம்.ஜி.ஆருக்காக எது செய்யப்பட்டது, கதைக்கு எது தேவைப்பட்டது என்பது பிடிபடும். எம்.ஜி.ஆர். புகழ்பாடி ஒரு பத்தி எழுதுவதைவிட இது எவ்வளவோ மேல்.

கதையின் முடிச்சை முன்குறிப்பில் அவிழ்க்காதீங்க. பாட்டிமாருக்குத் தெரிந்த ரகசியம்தான், முதலாமாண்டுப் பிள்ளைகளுக்குத் தெரியாதே. முடிச்சைத் தொட்டுப் பேச வேண்டியதைத் தாளின் பின்பக்கத்தில் அச்சடிச்சு, 'படம் முடிந்தபின் படிக்கவும்' என்று போட்டுடுங்க.

கடைசியா ஒண்ணு: உங்க கையில் இருக்கும் பிரதி எவ்வளவு நேரம் ஓடுது, பாட்டு ஏதும் வெட்டுப்பட்டிருக்கா என்று முன்கூட்டியே பார்த்துக் குறிப்பில் எழுதுங்க. இல்லைன்னா வெட்டுக்கான பழி இயக்குநர் தலையில் விழும்.