படத்தில் வெறும் புள்ளியாகத் தெரியும் விண்மீன் திரள் மையத்திலிருந்து வாயு வெளியேறும் வேகத்தை எப்படி அளக்கிறார்கள்?

ஹபிள் தொலைநோக்கியின் பொதுக் காப்பகத்திலிருந்து நிறமாலைகளை இறக்கி வரைந்து பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. அந்த அனுபவத்தில், என்.ஜி.சி. 5548 என்ற ஒரே திரளை வைத்து விடை சொல்கிறேன்.

மையக் கருந்துளையைச் சுற்றிய வட்டின் ஒளிக்கும் நமக்கும் குறுக்கே வாயு வரும்போது, அதிலுள்ள அயனிகள் (எலக்ட்ரான்களை இழந்த அணுக்கள்) தமக்குரிய அலைநீளங்களில் ஒளியை விழுங்கிவிடுகின்றன. அந்த இடங்கள் நிறமாலையில் இருண்ட கோடுகளாகவும், வரைந்து பார்த்தால் பள்ளங்களாகவும் தெரியும். கார்பன், நைட்ரஜன், ஹைட்ரஜன் ஆகியவற்றின் வலுவான கோடுகள் புற ஊதாவில் விழுவதாலும், அதை நம் வளிமண்டலம் மறைத்துவிடுவதாலும், 2009இல் ஹபிளில் பொருத்தப்பட்ட காஸ்மிக் ஆரிஜின்ஸ் நிறமாலைமானி போன்ற கருவிகள் தேவைப்படுகின்றன.

மூன்று எலக்ட்ரான்களை இழந்த கார்பனின் கோடு ஆய்வகத்தில் 1548.2 ஆங்ஸ்ட்ராமில் (அலைநீளத்தின் அலகு) விழும். இத்திரள் நம்மைவிட்டு விலகுவதால் அலைநீளம் நீளும் செம்பெயர்ச்சியால் அது 1574.8 ஆங்ஸ்ட்ராமில் இருக்க வேண்டும். அதற்கு ஏறத்தாழ 5 ஆங்ஸ்ட்ராம் நீலப்பக்கமாக ஒரு பள்ளம் இருந்தால், அந்த வாயு நொடிக்குச் சுமார் 1000 கிலோமீட்டர் வேகத்தில் திரளின் மையத்தை விட்டு நம் பக்கமாக வெளியேறுகிறது என்று பொருள். முதல் முறை வரைந்தபோது 1548க்கு அருகில் இன்னொரு பள்ளத்தைக் கண்டு, நொடிக்கு 5000 கிலோமீட்டர் வேக வாயு கிடைத்துவிட்டதென்று மகிழ்ந்தேன். அது நம் பால்வழியிலேயே உள்ள கார்பன்.

வேகம் இப்படிச் சுலபமாகக் கிடைத்துவிடும். வாயுவின் அளவைக் கணிப்பதில்தான் வழுக்கும். இந்தக் கார்பன் கோடு இரட்டையாக வரும். ஒன்று மற்றதைப்போல் இரு மடங்கு வலுவுள்ளது. இரண்டும் ஒரே ஆழத்தில், ஆனால் அடியை (ஒளியே இல்லாத நிலையை) தொடாமல் நின்றால், வாயு ஒளிமூலத்தை முழுவதும் மூடவில்லை என்று கொள்ள வேண்டும். அதைக் கவனிக்காமல் பள்ளத்தின் ஆழத்தை மட்டும் நம்பினால் வாயுவின் அளவு மிகக் குறைவாகக் கணக்காகும்.

என் மதிப்பீட்டில் உண்மையான சிக்கல் தூரம்தான், ஏனெனில் அது தெரியாமல் வாயு சுமந்து செல்லும் ஆற்றலைச் சொல்ல முடியாது. மையத்திற்கு மிக அருகில் புதிய வாயுத் திரை ஒன்று குறுக்கிட்டு, வெளியே இருந்த வாயு மேகங்களின்மீது நிழல் போடுவது 2013இல் தெரியவந்தது. அம்மேகங்களில் அயனியாக்கம் குறைந்து, அதுவரை காணாத கோடுகள் தோன்றின. கிளர்ந்த நிலைக் (கூடுதல் ஆற்றல் பெற்ற) கார்பனின் கோட்டிலிருந்து அடர்த்தியையும், அயனியாக்க அளவோடு அதைச் சேர்த்துத் தூரத்தையும் பெற்றார்கள்: அம்மேகங்களுள் மிக வேகமானது மையத்திலிருந்து சுமார் 3.5 பார்செக், அதாவது 11 ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருக்கிறது.