வரையத் தெரியாதவர்களுக்கும் ஓவிய சிகிச்சை பயன்தருமா?

பயன்தரும். அது எவ்வாறு என்பதை எனக்கு விளங்கவைத்தது பிரேசில் நாட்டு மனநல மருத்துவர் நீசே டா சில்வேராவின் பணி. மின்னதிர்ச்சியும் மூளை அறுவையும் புதுமைச் சிகிச்சைகளாகப் போற்றப்பட்ட 1940களில், ரியோ டி ஜெனிரோவின் அரசு மனநல மருத்துவமனை ஒன்றில் பணியாற்றிய அவர், நோயாளிக்கு மின்சாரம் பாய்ச்சும் பொத்தானை அழுத்த மறுத்துவிட்டார். அதன் பிறகு, எவரும் பெரிதாக மதிக்காத தொழில்வழிச் சிகிச்சைப் பிரிவு அவர் பொறுப்பில் வந்தது. கூட்டவும் துடைக்கவும் நோயாளிகளை ஏவிவந்த அந்த இடத்தில், 1946இல் அவர் ஓர் ஓவியக்கூடத்தைத் திறந்தார். இன்னதைத்தான் வரைய வேண்டும் என்று அங்கு எவரும் வற்புறுத்தப்படவில்லை.

அங்கு வரைந்தவர்களுள் ஃபெர்னாண்டோ டினிஸ் என்பவரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. தையல் வேலை செய்த தாயுடன் சிறுவயதில் செல்வந்தர் வீடுகளுக்குப் போய்வந்தவர் அவர். தொடக்கத்தில் அவருடைய தாள்களில் உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக முட்டிமோதிக் கிடந்தன. பின்னர் ஒவ்வொரு பொருளாகத் தனித்தனியே வரைந்து பழகி, படிப்படியாக அவற்றையெல்லாம் ஒரே வரவேற்பறைக்குள் அதனதன் இடத்தில் அமர்த்தினார். சிதறிய மனம் தன்னைத்தானே ஒழுங்குபடுத்திக்கொள்ள முயல்வதை நீசே அப்படங்களில் கண்டார். இத்தகைய படைப்புகளைக் காப்பதற்காக 1952இல் அவர் நிறுவிய அருங்காட்சியகம் இன்றும் இயங்கிவருகிறது.

என் தாயார் மறைந்த பிறகு, ஓவிய சிகிச்சையாளர் ஒருவர் நடத்திய அமர்வுகளுக்கு நானும் சென்றுவந்தேன். படம் நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஒருமுறை, கிரேயான் தேய்த்துத் தேய்த்துத் தாள் நைந்துபோயிருந்த மூலையைக் காட்டி, "இந்த இடத்தில் மட்டும் இவ்வளவு அழுத்தியிருக்கிறீர்களே, அப்போது மனத்தில் என்ன ஓடிக்கொண்டிருந்தது?" என்று கேட்டார். அம்மாவுடன் மருத்துவமனையில் கழித்த கடைசி இரவைப் பற்றி, வீட்டில் எவரிடமும் வாய்திறக்காத நான், அன்றுதான் பேசினேன்.

வீட்டில் தனியே வரைவதும் மனத்துக்கு ஆறுதல் தரும். அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும், வரையும்போது மேலெழும்பி வருவதை எவ்வளவு தூரம் தொடலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்று அறிந்த ஒருவர் உடனிருக்கும்போதுதான் அது சிகிச்சையாகிறது. ஆகவே சிகிச்சையாளர் எங்கே, என்ன பயிற்சி பெற்றார் என்பதைத் தயங்காமல் கேளுங்கள். சிவப்பென்றால் கோபம், கறுப்பென்றால் துயரம் என்று படத்தைப் பார்த்துக் குறி சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

மனநல மருத்துவர் தந்த மருந்துகளை நீங்களாகவே நிறுத்திவிட்டு இதற்கு மாறிவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்தே நடக்கலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைதூக்கினால், அடுத்த அமர்வு வரை காத்திருக்காமல், இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசிச் சேவை) எண்ணை உடனே அழையுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.