கத்தித் துவைச்சலுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்?

வணக்கம் அண்ணா. ஹட்டன் பக்கம் பட்டறையில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 10 கிலோ கவ்வாத்துக் கத்திகளைத் துவைக்கிறீர்கள் (பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் அமிழ்த்துகிறீர்கள்), 200 லீற்றர் பீப்பாய் சூடேறிவிடுகிறது, ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீர் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். கணக்கு கஷ்டமில்லை.

உருக்கு 850 பாகையிலிருந்து 60 பாகைக்கு இறங்கினால் வித்தியாசம் 790. அந்தச் சூட்டில் உருக்கின் வெப்பக் கொள்ளளவை, அதாவது ஒரு பாகை இறங்கும்போது வெளியேறும் சூட்டை, கிலோவுக்குச் சராசரி 0.65 கிலோ யூல் என்று வையுங்கள். 10 × 0.65 × 790, ஏறத்தாழ 5,135 கிலோ யூல். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு பாகை சூடேற 4.2 கிலோ யூல் போதும். 18 பாகையில் வரும் தண்ணீர் 38இல் வெளியேறலாம் என்றால் லீற்றருக்கு 84. ஆக 5,135ஐ 84ஆல் வகுத்தால் பத்து நிமிடத்துக்கு 61 லீற்றர், நிமிடத்துக்கு 6. நான் 8 வைப்பேன். மாசியில் ஊற்று வற்றும். 20 லீற்றர் வாளி இரண்டரை நிமிடத்தில் நிரம்பினால் சரி.

ஆனால் சூடு முழுக்கச் சில விநாடிகளில் இறங்குகிறது. அதைத் தாங்குவது பீப்பாய்தான். ஒரு தடவைக்கு 6 பாகை ஏறும். குழாயை அடியில் விடுங்கள், சுடுதண்ணீர் மேலே வழியட்டும். கத்தியை அசைத்துக்கொண்டே இருங்கள், இல்லாவிட்டால் நீராவிப் படலம் ஒட்டி, விளிம்பு மென்மையாகவே நின்றுவிடும்.

அப்புறம், லொறி வில்லுத் தகட்டில் செய்வதென்றால் தண்ணீர் வேண்டாம், எண்ணெய்தான். தண்ணீரில் துவைத்த என் கத்தி ஒன்று ‘டிக்’ என்று முனையிலிருந்து மயிரிழையாக வெடித்தது இன்னும் காதில் இருக்கிறது.