அடிமானத்துக்குள் கருமணல் போடலாமா?

கேள்வி: மண்டைக்காட்டுக்குப் பக்கத்தில் அப்பா வாங்கிப்போட்ட 8 சென்ட் இடத்தில் வீடு கட்டுகிறோம். வானம் தோண்டியபோது இரண்டடி ஆழத்தில் கருமணல் பட்டை வந்தது. ‘அதையே அடிமானத்தில் நிரப்பலாம், பூச்சுக்கும் கொஞ்சம் கலக்கலாம், செலவு மிச்சம்’ என்கிறார் கொத்தனார். ‘கதிர்வீச்சு மண், வீட்டுக்குள் ஏற்றாதே’ என்கிறார் மாமா. மனைவிக்கு இது ஐந்தாம் மாதம். கிணறும் இதே மண்ணில்தான் ஊறுகிறது. என்ன செய்ய?

பதில்: மாமா சொல்வதைக் கேளுங்கள். ஆனால் அவர் அளவுக்கு மிரள வேண்டாம்.

முதலில் ஒன்று. கறுப்பாகத் தெரிவது இல்மனைட், டைட்டானியத் தாது. அது பெரிய தொந்தரவு இல்லை. கதிர்வீச்சு வருவது அதனுடன் கலந்திருக்கும் மோனசைட் என்ற தாதுவிலிருந்து. அது தேன் நிறத்தில், மஞ்சளும் பழுப்புமாக இருக்கும். பலர் கண்ணில் படுவதே இல்லை. இரண்டும் கனமானவை. அலை லேசான வெள்ளை மணலைப் புடைத்து அடித்துப் போக, கனமானவை ஒன்றாக ஒதுங்கிவிடுகின்றன. 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் இங்குள்ள மோனசைட்டைக் கண்டுபிடித்ததும், இங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டிப்போன மணலை வைத்துத்தான். காஸ் விளக்கில் ஒளிரும் வலையான மேன்டிலுக்கு, மோனசைட்டில் இருக்கும் தோரியம் என்ற கதிரியக்க உலோகம் தேவைப்பட்ட காலம் அது. மணவாளக்குறிச்சியில் மணல் ஆலை வந்த கதையின் தொடக்கமே அந்தக் கயிறுதான்.

நம் மோனசைட்டில் தோரியம் ஆக்சைடு மட்டும் ஏறக்குறைய 9 சதவீதம். தோரியத்தின் அரை ஆயுள், அதாவது பாதி சிதைந்துபோக ஆகும் காலம், சுமார் 1,400 கோடி ஆண்டு. மிக மெதுவாகச் சிதைவது. நமக்குக் கவலை தருபவை அது சிதைந்து உண்டாகும் வாரிசுகள்: அவை விடும் ஊடுருவும் காமாக் கதிர் ஒன்று, அவற்றில் ஒன்றான தோரான் என்ற வாயு இன்னொன்று. தோரானின் அரை ஆயுள் 56 விநாடிகூட இல்லை. அரை மீட்டர் ஆழத்தில் பிறக்கும் தோரான், மண்ணைத் துளைத்து மேலே வருவதற்குள் அநேகமாகச் சிதைந்து முடிந்துவிடும். மேற்பரப்பில் பிறந்தால்தான் மூச்சில் கலக்கும். அதனால் அடிமானத்தைவிடப் பூச்சில் கலப்பதுதான் மோசம். சுவரே தோரானை வீட்டுக்குள் விடும், நாள் முழுக்க. கொத்தனாரிடம் இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இயற்கையாகக் கிடக்கும் பட்டையைக் கிடந்த இடத்திலேயே விடுங்கள். தோண்டி எடுத்ததைத் திரும்ப அதே குழியின் அடியில் போட்டு, மேலே வெளியிலிருந்து வந்த செம்மண்ணை இரண்டடி இறுக்கி, அதன்மேல் கான்கிரீட் தளம் போடுங்கள். அந்த இரண்டடி மண் காமாவைப் பெருமளவு தின்றுவிடும். ‘எங்கேயாவது கொண்டுபோய்க் கொட்டிவிடுகிறேன்’ என்று டெம்போக்காரர் சொன்னால் சம்மதிக்காதீர்கள். மோனசைட் அணுசக்திச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ள பொருள். தவிர, இன்னொருவர் முற்றத்தில் போய் விழும்.

அளந்து பார்க்க வேண்டுமா? நல்லது. போனில் இறக்கும் செயலிகளை நம்பாதீர்கள். கதிர்வீச்சை அளக்கும் கைகர் கருவி வைத்திருப்பவரிடம் கேளுங்கள். மணல் குவியலில் கருவியை ஒட்டிவைத்து, வரும் எண்ணை ஆண்டின் 8,760 மணி நேரத்தால் பெருக்கிப் பயந்துபோனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். குவியலின்மேல் யாரும் ஆண்டு முழுக்கப் படுப்பதில்லை. தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில், படுக்கையறை வரப்போகும் இடத்தில் அளக்கச் சொல்லுங்கள். உடம்பில் படும் கதிர்வீச்சை சீவர்ட் என்ற அலகில் சொல்வார்கள்; அதில் ஆயிரத்தில் ஒன்று மில்லி, பத்து லட்சத்தில் ஒன்று மைக்ரோ. மணிக்கு 0.1 மைக்ரோசீவர்ட் என்றால் ஆண்டுக்கு ஒரு மில்லிசீவர்ட்டுக்குள் அடங்கும். 0.5 காட்டினாலும் 4.4-தான். எல்லா இயற்கை வழிகளிலும் உலகச் சராசரி 2.4. பொதுமக்களுக்கு வரம்பு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட் என்று படித்திருப்பீர்கள். அது மனிதன் உண்டாக்கும் கூடுதல் கதிர்வீச்சுக்கு, மண்ணுக்கு அல்ல.

மனைவியைப் பற்றி: கருவுக்கு 100 மில்லிகிரேக்குக் (காமாவைப் பொறுத்தவரை ஏறக்குறைய அதே அளவு மில்லிசீவர்ட்) கீழ் போனால் குறைபாடு உண்டாகும் என்பதற்குச் சான்று இல்லை. நீங்கள் சொல்லும் மண்ணில் ஒன்பது மாதத்தில் அந்த அளவை நெருங்க வழியே இல்லை. இதே மாதிரி மணல் உள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில், சில இடங்களில் ஆண்டுக்கு 70 மில்லிகிரே வரை போகும் பகுதியில், சுமார் 70,000 பேரைப் பல ஆண்டு கவனித்து 2009-இல் முடிவு வெளியிட்டார்கள்: காமா அதிகரித்ததால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. இதை நிம்மதிக்காகச் சொல்கிறேனே தவிர, கூலி மிச்சம் பிடிக்க அல்ல. நாலு லோடு செம்மண் அப்படி என்ன விலை?

கிணறு விஷயம் சுலபம். மோனசைட் தண்ணீரில் கரைவதில்லை என்றே சொல்லலாம். தோரியத்தைக் கோடிக்கணக்கான ஆண்டுகள் விடாமல் பிடித்து வைத்திருக்கிற படிகம் அது. அணு உலைக் கழிவைப் பாறைக்குள் புதைக்கும்போது எதில் அடைத்து வைக்கலாம் என்று தேடுகிறவர்கள், மோனசைட் போன்ற பீங்கானைச் செய்து பார்ப்பதும் இதற்காகத்தான். கடலோரக் கிணற்றில் நீங்கள் பரிசோதிக்க வேண்டியது உப்பைத்தான். மழைக்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் பாருங்கள்.